கைகள் கடந்த தொலைவு: சைகைமொழியும் தொலைத்தொடர்பும்

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் பூட்டப்பட்டபோது, தமிழிலக்கியம் கற்பிக்கும் நாமும் மடிக்கணினியின் முன் அமர்ந்து நன்னூல் நடத்தத் தொடங்கினோம். மாணவர்களுள் பெரும்பாலோர் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து கிடைக்கும் இணைய வசதியை நம்பியிருந்தவர்கள். அது பாதி வகுப்பில் தீர்ந்துவிடக் கூடாது என்ற கரிசனத்தால் காமிராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்பினோம். இலக்கணம் சொல்ல முகம் எதற்கு என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டு வாரங்கள் சென்றபின் மாணவி ஒருத்தியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "ஐயா, அவள் தினமும் வகுப்புக்கு வருகிறாள். வருகைப்பதிவு போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு மணி நேரமும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்."

'அவள்' யார் என்று நமக்கு உடனே விளங்கிவிட்டது. செவித்திறன் இல்லாத மாணவி. கல்லூரி திறந்திருந்த நாள்களில் முதல் வரிசையில் அமர்ந்து நம்முடைய உதட்டசைவைப் படிப்பாள். உதட்டில் பிடிபடாததைப் பக்கத்திலிருக்கும் தோழி கையால் சொல்வாள். தோழியின் அண்ணன் காது கேளாதவர் என்பதால் சைகைமொழி அவளுக்கு வீட்டுமொழி. இணைய வகுப்பு ஒரே நாளில் நம் உதட்டையும் தோழியின் கையையும் அம்மாணவியிடமிருந்து பறித்துவிட்டது. அந்த வாரம் நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம், எழுத்து என்பது ஒலி என்று நன்னூலார் வரையறுக்கும் பகுதி!

அந்தக் குற்றவுணர்வே நம்மை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. குரலைத் தொலைவுக்கு அனுப்பும் கருவி வந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. கையால் பேசும் மொழிகள் அதே தொலைவைக் கடக்க ஏன் இத்தனை காலம் பிடித்தது? அன்பர்களோடு சேர்ந்து அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்ப்போம்.

தொலைபேசி பிறந்த வீடு

முதலில் ஒரு தெளிவு. சைகைமொழி என்பது தமிழையோ ஆங்கிலத்தையோ கையால் எழுதிக் காட்டும் முறையன்று. தனக்கென்று சொற்களும் இலக்கணமும் உடைய மொழி; அதுவும் ஒரே மொழியன்று, நாட்டுக்கு நாடு வேறுபடும் பல மொழிகள். அமெரிக்கரும் ஆங்கிலேயரும் வாயால் பேசுவது ஒரே மொழி. ஆனால் அமெரிக்கச் சைகைமொழியும் பிரிட்டிஷ் சைகைமொழியும் ஒன்றுக்கொன்று விளங்காதவை. அமெரிக்க மொழிக்குப் பிரெஞ்சுச் சைகைமொழியே உறவு. பாரிசில் காது கேளாதோர் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராக இருந்த லோரான் கிளேர் அமெரிக்கா சென்று, தாமஸ் காலடெட்டுடன் சேர்ந்து 1817இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கியதன் விளைவு அது.

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காது கேளாதோருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த ஆசிரியர். அவருடைய தாய்க்குச் செவிப்புலன் மிகக் குறைவு. அவர் மணந்த மேபல் ஹப்பர்ட், ஐந்து வயதளவில் செங்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்து, பின்னர் பெல்லிடமே பயின்றவர். தாயும் மனைவியும் பயன்படுத்த இயலாத ஒரு கருவியால் அம்மனிதர் உலகப் புகழ் பெற்றார். பெல்லைக் கொடியவராகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. தாயிடம் அவர் விரலெழுத்துகளால் பேசியவர்தாம். எனினும் காது கேளாதோர் வாயால் பேசக் கற்றால்தான் சமூகத்தோடு கலக்க முடியும் என்று உறுதியாக நம்பினார். அவர்கள் தமக்குள் மணந்துகொள்வதைக் குறித்து எச்சரித்து 1883இல் ஓர் ஆய்வுரையும் வாசித்தார்.

இந்நம்பிக்கை பெல் ஒருவருடையது மட்டுமன்று. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, கல்விக்கு வாய்மொழி முறையே உகந்தது, சைகை விலக்கத்தக்கது என்று பெரும்பான்மை வாக்குகளால் தீர்மானித்தது. கூடியிருந்த பேராளர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள். பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் சைகை தடைசெய்யப்பட்டது. கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அத்தீர்மானத்தை ஏற்பதற்கில்லை என்று அதே மாநாட்டு வரிசையில் வந்த வான்கூவர் மாநாடு அறிவித்தது 2010இல். இடையில் கழிந்தவை 130 ஆண்டுகள். குரலுக்குக் கம்பி கிடைத்த நான்காம் ஆண்டில் கைக்கு விலங்கு விழுந்தது என்று இக்காலத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

படச்சுருளில் ஏறிய சுவடி

தொலைவைக் கடப்பதற்கு முன் ஒரு மொழி காலத்தைக் கடக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. செல்லரித்த ஏடு அழிந்தால் நூலும் அழியும் என்ற பதைப்பே அவரை ஊர் ஊராக நடக்க வைத்தது. ஏறத்தாழ அதே தலைமுறையில் அமெரிக்காவில் அதே பதைப்போடு இருந்தவர் ஜார்ஜ் வெடிட்ஸ். எட்டு வயதில் காது கேட்கும் திறனை இழந்த அவர், அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். வாய்மொழிக் கல்வி பரவப் பரவ, பழைய ஆசிரியர்களின் செழுமையான சைகை அவர்களோடு மறைந்துவிடும் என்று அஞ்சினார்.

உ.வே.சா.வுக்காவது ஏடு இருந்தது. சைகைக்கோ எழுத்தே இல்லை. நல்வாய்ப்பாக அப்போது சலனப்படம் வந்திருந்தது. அது ஊமைப்படம் என்பது மற்றவர்களுக்குக் குறை. வெடிட்ஸ் போன்றோருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சங்கத்தார் தம்முள் நிதி திரட்டி, 1910 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் சிறந்த சைகையாளர்களைப் படம் பிடித்தனர். 1913இல் வெடிட்ஸ் தாமே காமிராவின் முன் நின்று, சைகைமொழியைக் காக்க வேண்டியதன் தேவையைச் சைகைமொழியிலேயே எடுத்துரைத்தார். 2010இல் அப்படம் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இன்று இணையத்தில் எவரும் அதைக் காணலாம். நூறாண்டுக்கு முந்தைய ஒருவர் தம் மொழியில் நம்மை நோக்கிப் பேசுவதைக் காண்பது விளக்கவொண்ணாத அனுபவம்.

எழுத்தைச் சுமந்த இயந்திரம்

தொலைபேசி வந்தபின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் காது கேளாதவர் ஒருவர் மருத்துவரை அழைக்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அந்நிலையை மாற்றியவர்கள் காது கேளாத மூவர்: இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட், பல்மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், தொழில்முனைவர் ஆண்ட்ரூ சாக்ஸ்.

செய்தி நிறுவனங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் புழங்கிய தொலைத்தட்டச்சு இயந்திரங்களை இருவர் தத்தம் வீட்டில் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்தால் என்ன என்பதே அவர்களுடைய யோசனை. அக்காலத்தில் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியோடு அயலார் கருவியை நேரடியாக இணைக்க அனுமதி கிடையாது. ஆகவே வைட்பிரெக்ட், தொலைபேசியின் கைப்பிடியைத் தொட்டில் போன்ற ஓர் அமைப்பில் வைத்து, எழுத்துகளை ஒலியாக மாற்றி அதன் வாயில் ஊதும் கருவியை உருவாக்கினார். மறுமுனையில் அவ்வொலி மீண்டும் எழுத்தாகும். 1964இல் வைட்பிரெக்டும் மார்ஸ்டர்ஸும் கலிபோர்னியாவின் இரு நகரங்களிலிருந்து முதன்முதலாக இவ்வாறு உரையாடினர். 1968 முதல் தொலைபேசி நிறுவனம் கழித்துக்கட்டிய பழைய இயந்திரங்கள் காது கேளாதோரின் வீடுகளுக்கு வரலாயின. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் அந்த இரும்புப் பெட்டிகளைத் தன்னார்வலர்கள் சுமந்து சென்று பழுதுபார்த்துக் கொடுத்தனர்.

இது பெரும் விடுதலை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பியில் சென்றது ஆங்கில எழுத்து, சைகைமொழி அன்று. கையால் சிந்திக்கும் ஒருவர் தமக்கு இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் தட்டச்சிட்டே தம் தாயோடு பேச வேண்டியிருந்தது. தமிழுக்கு எழுத்துரு வாய்க்காத நாள்களில் ஆங்கில எழுத்தால் மின்னஞ்சல் எழுதிய தலைமுறை நாம். ஆயினும் நாம் மாற்றியது எழுத்தை மட்டுமே. மொழியை மாற்ற வேண்டிய நெருக்கடி நமக்கு நேரவில்லை.

சைகை ஒரு மொழிதான் என்பதையே அறிஞர் உலகம் அப்போதுதான் ஏற்கத் தொடங்கியிருந்தது. அதற்கு வித்திட்டவர் நம்மைப் போல் ஓர் இலக்கிய ஆசிரியர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க 1955இல் சேர்ந்த வில்லியம் ஸ்டோக்கோ, தம் மாணவர்களின் கையசைவுகளை உற்றுநோக்கி, 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கையின் வடிவம், கை நிற்கும் இடம், அது அசையும் விதம் ஆகிய கூறுகள் சேர்ந்தே ஒவ்வொரு சைகையும் அமைகிறது. ஒரு கூறு மாறினால் பொருளும் மாறும் என்று காட்டினார். 'கல்' என்பதில் ஓரெழுத்து மாறப் 'பல்' ஆவது போன்றதே இது. ஒலியில்லாமலும் எழுத்து உண்டு என்பது இதன் உட்பொருள்.

இருபத்தேழு புள்ளிகள்

எழுத்துக்கு மாற்றாகப் படத்தையே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படத்தொலைபேசியைக் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் வணிகச் சேவையையும் தொடங்கியது. ஒரு படத்தை அனுப்ப, ஒரு குரலுக்கு வேண்டியதைப் போல் இருநூறு மடங்குக்கும் மேலான அலைப்பட்டை தேவைப்பட்டது. அதற்கேற்ற கட்டணத்தைத் தர ஆளில்லை. சில ஆண்டுகளில் அத்திட்டம் முடங்கிப்போனது.

இங்கேதான் நம் வரலாற்றின் முக்கியமான கேள்வி எழுகிறது. படம் முழுவதையும் அனுப்ப முடியாதெனில், எதையெல்லாம் வெட்டலாம்? எதை வெட்டினால் மொழி செத்துவிடும்? பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1980இல் வெளியிட்ட ஆய்வு, தொலைக்காட்சிப் படத்துக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கே சைகைக்குப் போதும் என்று காட்டியது. அடுத்த ஆண்டு விவியன் டார்ட்டர், கென்னத் நோல்டன் இருவரும் இன்னும் துணிச்சலான சோதனை ஒன்றைச் செய்தனர். சைகையாளரின் இரு கைகளிலும் பதின்மூன்று பதின்மூன்றாக ஒளிரும் புள்ளிகளை ஒட்டி, மூக்கு நுனியில் ஒன்றை வைத்தனர். ஆக 27 புள்ளிகள். திரையில் கையும் தெரியாது, முகமும் தெரியாது. இருளில் நகரும் புள்ளிகள் மட்டுமே தெரியும். அவற்றைக் கொண்டே காது கேளாதோரால் உரையாட முடிந்தது! மின்மினிக் கூட்டம் ஒன்று பேசுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மொழி இவ்வளவு குறைவாலும் உயிர்பிழைக்கும் என்பது வியப்பு. ஆனால் பிழைத்திருப்பது வேறு, வாழ்வது வேறு. 'வந்தான்' என்பதை 'வந்தானா?' என்று ஆக்க நமக்கு ஓர் ஆகாரம் போதும். அமெரிக்கச் சைகைமொழியில் அந்த ஆகாரத்தின் வேலையைப் புருவம் செய்கிறது. புருவத்தை உயர்த்தினால் வினா, உயர்த்தாவிட்டால் செய்தி. கன்னமும் உதடும் தலையசைவும் இவ்வாறே இலக்கணப் பொருள் தருவன. 2005இல் லாரா மியூர், இயன் ரிச்சர்ட்சன் இருவரும் கண்ணின் ஓட்டத்தை அளந்து வெளியிட்ட ஆய்வு, சைகையைப் பார்ப்பவர் கையைப் பார்ப்பதில்லை என்று தெரிவித்தது. அவர் பார்வை பெரும்பாலும் எதிரிலிருப்பவர் முகத்திலேயே நிலைத்திருக்கிறது. கையின் அசைவைக் கடைக்கண் வாங்கிக்கொள்கிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இவ்வுண்மையைக் கொண்டு, அன்றைய மெதுவான செல்பேசி வலையமைப்பிலேயே சைகை செல்ல வழி கண்டனர். படத்தில் முகத்தையும் கையையும் தெளிவாக வைத்துக்கொண்டு, பின்னாலுள்ள சுவரையும் திரைச்சீலையையும் மங்கலாக்கிவிடுவது அவர்கள் முறை. அக்குழுவின் முன்னோடிகளுள் ஒருவரான ரிச்சர்டு லாட்னர், காது கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது தற்செயலன்று. முகத்தைத் தொடக்கூடாது என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இதை மறந்தவர்களும் உண்டு. கையுறை மாட்டிக்கொண்டால் சைகையைப் பேச்சாக மாற்றிவிடும் என்று அறிவிப்புகள் வந்தவண்ணம் உள்ளன. 2016இல் அத்தகைய கையுறை ஒன்று அமெரிக்காவில் பரிசு பெற்றபோது, கையுறைக்குப் புருவம் தெரியுமா என்ற பொருளில் மொழியியலாளரும் காது கேளாதோரும் எதிர்வினையாற்றினர். கணினி வரைந்த பொம்மை உருவங்களை மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக அமர்த்துவது பற்றி உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 2018இல் எச்சரித்ததும் இந்த வழியில் வைத்து எண்ணத்தக்கது.

இணையத்தில் கைகள்

1990களில் கணினியோடு இணைக்கும் சிறு காமிராக்கள் வந்தன. படம் விட்டுவிட்டு வரும்; கை ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும். 1999இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சைகை உரையாடலுக்கென்று தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டு, நொடிக்கு இருபது படங்களேனும் வேண்டும் என்ற அளவை முன்வைத்தது. அந்த அளவு எட்டாத காலத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதை எலிசபெத் கீட்டிங், ஜீன் மைரஸ் இருவரும் 2003இல் பதிவு செய்தனர். சைகையாளர்கள் வேகத்தைக் குறைத்தனர். சொன்னதை மீண்டும் சொல்லினர். காமிராவை நோக்கி நீளும் கை தட்டையான திரையில் புலப்படாது என்று கண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பினர். பின்னர்ச் செல்பேசி வந்ததும் ஒரு கையில் கருவியைப் பிடித்து மறுகையால் மட்டும் பேசப் பழகினர். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், ஓலை கிழியாதிருக்க நம் முன்னோர் புள்ளியை விட்டு எழுதியதை இங்கு நினைவுகூரலாம். கருவிக்கு ஏற்ப மொழி வளைந்தது, ஒடியவில்லை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் காணொளி வழி மொழிபெயர்ப்புச் சேவைக்குப் பொது நிதியிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. காது கேளாதவர் திரையில் தோன்றும் மொழிபெயர்ப்பாளரிடம் சைகையில் சொல்வார். அவர் அதை மறுமுனையில் இருப்பவருக்குத் தொலைபேசியில் வாயால் சொல்வார். பெல்லின் கருவி ஒருவாறு பெல்லின் வீட்டாருக்கும் பயன்படலாயிற்று. 2010க்குப் பின் முகம் பார்த்துப் பேசும் வசதி சாதாரணச் செல்பேசியிலேயே வந்துவிட்டது.

புனைபெயர் இல்லாத மொழி

நம்மைப் போன்று இணையத்தில் எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆகலாம். இணையத்தில் எத்தனையோ பேர் முகம் காட்டாமல் எழுதுகிறோம். காணொளியில் பேசும் சைகையாளருக்கு அந்த உரிமை இல்லை. அவர் மொழி அவர் முகத்தில் இருக்கிறது. முகத்தை மறைத்தால் இலக்கணம் போய்விடும். அவர் கருத்துச் சொன்னால் முகத்தோடுதான் சொல்ல வேண்டும். பிழை செய்தாலும் முகத்தோடுதான்.

எழுத்து இருந்தால் இத்தடை நீங்கும். வேலரி சட்டன் 1974இல் கைவடிவங்களையும் அசைவுகளையும் முகக்குறிகளையும் வரைந்து காட்டும் எழுத்துமுறை ஒன்றை உருவாக்கினார். 2015இல் அதன் 672 குறியீடுகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. எனினும் காது கேளாதோரிடையே அது பரவலாக வேரூன்றவில்லை. ஓடும் கையை நிற்கும் கோட்டில் அடைப்பது எளிதன்று போலும்.

நம் நாட்டில்

இந்தியச் சைகைமொழியின் கதை வேறு. காது கேளாத இந்திய அறிஞர் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு முதலியோருடன் சேர்ந்து 1970களின் இறுதியில் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஆராய்ந்து, அவை தமக்குள் நெருங்கிய உறவுடையன எனக் காட்டினார். 2001இல் கோயம்புத்தூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இந்தியச் சைகைமொழி அகராதி ஒன்றை வெளியிட்டது. 2015இல் இதற்கெனத் தேசிய ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தில்லியில் நிறுவப்பட்டது. 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்த அதன் காணொளி அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. ஆயினும் 2011 கணக்கெடுப்பு ஐம்பது இலட்சம் பேருக்குச் செவித்திறன் குறைபாடு உண்டென்று சொல்லும் நாட்டில், சைகை அறிந்த ஆசிரியர் மிகச் சிலரே. நாமும் அறியாதவர்களே. நம் வகுப்பில் அவ்வேலையைச் சம்பளமின்றிச் செய்தவள் பத்தொன்பது வயதுத் தோழி.

குறுஞ்செய்தி வந்த மறுநாள் சன்னலுக்கு எதிரே அமர்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி காமிராவைத் திறந்தோம். தோழியும் தன் காமிராவைத் திறந்து கையால் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் புரிந்தது. நாம் பயன்படுத்திய மென்பொருள், யார் ஒலி எழுப்புகிறாரோ அவரைத்தான் பெரிதாகக் காட்டும். யாரோ ஒரு மாணவன் வீட்டு நாய் குரைத்தால் அவன் பெயர் திரையை நிறைக்கும். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தோழியின் கைகள் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. பேச்சென்றால் ஒலி என்று அந்த மென்பொருளுக்கும் யாரோ நன்னூல் நடத்தியிருக்க வேண்டும். ஜூம், மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்றவற்றில் சைகைமொழிக்கென்றே தனிக் காட்சி வசதி 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. நாம் எல்லோரையும் ஒலிவாங்கியை அணைக்கச் சொல்லி ஒருவாறு சமாளித்தோம்.

வகுப்பு முடிந்ததும் அம்மாணவி தன் சிறு கட்டத்துக்குள் இரு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து வேகமாக அசைத்தாள். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா, ஏதேனும் ஐயமா?" என்று கேட்டோம். தோழியின் பதில் திரையின் ஓரத்தில் எழுத்தாக வந்தது.

"அது கைதட்டல், ஐயா."